கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரு டிக்கெட்

கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால், நீ இங்கே இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் நாம் இரண்டு பேரும் மாறி மாறிச் சத்தம்தான் போட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது பார். ஆனால் இதை ஒரே மூச்சில் எழுதினேன் என்று நினைத்துவிடாதே. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய் கேட் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருகிறேன், மொட்டைமாடியில் காயும் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். உன் அம்மாவின் காலுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. மில்லில் நூல் சுற்றும் மெஷின் வரிசைகளுக்கு நடுவே ஒரு வாழ்க்கை முழுக்க நடந்த கால். ஷிப்டு முடிந்து வந்த பிறகும் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடந்த கால். அது இப்போது எங்கே போகிறது, ஏன் போகிறது என்று நீ கேட்டாய். அதற்குத்தான் இவ்வளவு காகிதம்.

கிளம்பும்போது வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. "அப்பா இல்லாத வீட்ட விட்டு ஓடிட்டு இருக்கம்மா நீ. அதுக்குப் பேரு ஹாபியா?" டாக்ஸிக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். கோபத்தால் இல்லை கண்ணு. நீ சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஆடியில் உன் அப்பா போனார். அதற்குப் பிறகு சடங்கு, சொந்தக்காரர்கள், பேங்க் வேலை என்று ஐப்பசி வரை எப்படியோ நாள் ஓடியது. கார்த்திகை பிறந்து மழை விட்டு, காலையில் பனி இறங்க ஆரம்பித்தபோதுதான் வீடு பெரிதாகிவிட்டது. அவர் படுக்கையில் இருந்த இரண்டு வருஷமும் என் உடம்பு அவருடைய நேரத்துக்குப் பழகிவிட்டது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே முழிப்பு வந்துவிடும். எழுந்து ஊசிக்கு முன்னால் சர்க்கரை பார்க்க வேண்டும், கஞ்சி வைக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கை தன்னால் பரபரக்கும். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது தெரியும். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். ஒரு எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போய்வந்து, மறுபடி கருவேப்பிலைக்குப் போய்வந்து, மறுபடி தீப்பெட்டிக்குப் போனேன். எதிர்வீட்டு ராஜாமணி கேட்டிலேயே நின்று, "ஏனுங்கக்கா, எல்லாத்தையும் ஒரே நடையா வாங்கீட்டு வரக் கூடாதுங்ளா?" என்று கேட்டாள். வாங்கலாம். வாங்கிவிட்டால் அப்புறம் எங்கே போவது?

அப்போதுதான் நீ புனேவிலிருந்து சொன்னாய், "ஏதாச்சும் ஒரு ஹாபி புடிம்மா. செலவில்லாம எத்தனையோ இருக்கு. இந்தக் குளிர் மாசத்த எப்படியாவது ஓட்டிட்டீன்னா அப்புறம் பழகிரும்" என்று. நீ சொன்னதை நான் தட்டவில்லை, அதையாவது ஒத்துக்கொள். என் மருமகள் நித்யா அனுப்பிய கலர் அடிக்கும் புத்தகத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். மனசு அமைதியாகும் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கோ மில்லில் உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிற மாதிரி கை ஓடியது. நித்யா மாதக்கணக்கில் வரும் என்று நினைத்து அனுப்பியதை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நின்றேன். மாடியில் கீரை போட்டேன். முளைத்துவிட்டதா என்று மணிக்கொரு தரம் மண்ணைக் கிளறிப் பார்த்தால் எந்த விதை முளைக்கும்? யோகா வகுப்பில் அந்த அம்மணி, "எல்லாரும் கண்ண மூடிப் பிணம் மாதிரி படுங்க" என்றாள். என்னால் முடியவில்லை. நம் வீட்டுக் கூடத்தில் உன் அப்பாவை அப்படிப் படுக்க வைத்துப் பார்த்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூங்காவில் காலையில் சிரிப்புச் சங்கம் என்று ஒன்று நடக்கிறது. அதற்கும் போனேன். பனிக்கு மங்கி கேப்பும் மப்ளருமாக வட்டமாக நின்று, கைதட்டி, ஹா ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். முதல் இரண்டு நாளும் மற்றவர்களைப் பார்த்து நானும் சத்தம் எழுப்பினேன். மூன்றாம் நாள் தலைவரின் குல்லா முனையில் தொங்கிய உல்லன் உருண்டை அவர் சிரிக்கும்போதெல்லாம் எகிறிக் குதித்து அவர் மூக்கிலேயே அடித்தது. எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பார்த்தால் அழுதுகொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார வைத்துச் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அடுத்த நாள் போக வெட்கமாக இருந்தது.

இங்கே உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உன் ஹாபி எல்லாமே கடையில்தான் ஆரம்பிக்கிறது. கிதார் வாங்கினாய். அது இப்போது உன் வீட்டில் துணி மாட்டுகிற ஸ்டாண்டு மாதிரி நிற்கிறது. கியர் சைக்கிள் வாங்கினாய், அதற்குத் தலைக்கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி வாங்கினாய், ஓட்டியது எவ்வளவு தூரம் என்று நித்யாவைக் கேட்டால் சிரிக்கிறாள். கேமரா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உனக்காவது தெரியுமா? குற்றம் சொல்லவில்லை சாமி. சின்ன வயசில் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பையன் பெஞ்சில உக்கார்றதே இல்லீங்க, எந்நேரமும் நின்னுட்டேதான் இருக்கான்" என்றபோது உன் அப்பா வீட்டுக்கு வந்து என்னைத்தான் பார்த்துச் சிரித்தார். உன் கால் என் கால்தான். அந்தப் பரபரப்புக்குத் தீனி வாங்கிப் போட்டால் அடங்காது என்பது எனக்கு இந்தப் பனிக்காலத்தில்தான் தெரிந்தது. அதுவும் யோசித்துத் தெரியவில்லை. பஸ் மாறி ஏறித் தெரிந்தது.

கார்த்திகை அமாவாசைக்கு அப்பா பெயரில் மோட்ச தீபம் ஏற்ற அவிநாசி கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்ப வரும்போது பஸ் ஸ்டாண்டில் கூட்டம். எவனோ "ஏறுங்க ஏறுங்க" என்றான், நானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கோயம்புத்தூர் பஸ் என்று நினைத்து ஏறியது மங்கலம் வழியாகப் பல்லடம் போகிற பஸ். ஊர் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் கவனித்தேன். பெண்களுக்குக் காசு இல்லாத டவுன் பஸ் என்பதால் கண்டக்டரும் எங்கே என்று கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பதறி எழுந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு இப்போதே போய் என்ன செய்யப் போகிறேன்? ஜன்னலில் இளவெயில் மடியில் விழுந்தது. வழி நெடுகத் தறிச் சத்தம், ஊருக்கு ஊர் அது வேறு வேறு வேகத்தில் கேட்டது. முன்னால் ஒரு லாரி, அடுக்கடுக்காகக் கூண்டு, கோழிகளின் வெள்ளை இறகு காற்றில் பறந்து வந்து என் புடவையில் ஒட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "ஏனுங்க, எங்க எறங்கறீங்க?" என்றாள். "கடைசி ஸ்டாப்புங்க" என்றேன். சொல்லும்போதே ஏதோ பெரிய வேலையாகப் போகிறவள் மாதிரி இருந்தது. பல்லடத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, கோயம்புத்தூர் பஸ் ஏறி வீடு வந்தேன். அன்றைக்கு ராத்திரி நடுவில் முழிப்பே வரவில்லை கண்ணு. ஆடிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளே பீளமேட்டு ஸ்டாப்பில் போய் நின்று, முதலில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன். அப்படித்தான் பழகிப்போனது. காலைச் சமையலை முடித்து, சின்ன டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஏறினால் கடைசி ஸ்டாப் வரை. நடுவில் எவ்வளவு நல்ல ஊர் வந்தாலும் இறங்குவதில்லை. அங்கே ஒரு டீ, யாராவது ஒருவரோடு ஒரு பேச்சு, பொழுதோடு வீடு. இது பனி மாசங்களில் மட்டும் செய்யக்கூடிய வேலை. சித்திரையில் தகரம் காய்ந்து பஸ்ஸுக்குள் அவிந்து போவோம். மழையில் ஷட்டரை இறக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. இப்போதுதான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, சோளத்தட்டு அறுத்துப் போட்டிருக்கும் காட்டையும் மஞ்சள் செடியின் இலை வாடி நிற்கும் வயலையும் பார்த்துக்கொண்டே போகலாம். கடைசி ஸ்டாப்பில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கண்டக்டர்கள் முதலில் விழிப்பார்கள். ஒரு தம்பி பயந்தே போய்விட்டான்.

"ஏனுங்கம்மா, ஊரு வந்துருச்சுங்க. எறங்கலீங்ளா?"

"இல்லீங் தம்பி, இதே பஸ்லதான் திரும்பிப் போறேன்."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"சும்மாதான் கண்ணு. பாக்கறக்கு."

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒரு வேப்பமரம், ஒரு பெட்டிக்கடை, ஒரு தண்ணீர்த் தொட்டி. "இங்க பாக்கறக்கு என்னங்க இருக்குது?" என்றான். நான் இறங்கிப் பெட்டிக்கடையில் ஒரு டீ வாங்கினேன். அந்தக் கடைக்காரியின் மகளுக்கு அன்றைக்குத்தான் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது, எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள். நான் இறங்காமல் இருந்திருந்தால் அது யாருக்குத் தெரியும்?

உன்னிடம் பொய் சொன்னேன், அது உண்மை. நீ கூப்பிடும்போதெல்லாம் "கோயில்ல இருக்கேன் கண்ணு" என்றேன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டு நீ சந்தேகப்பட்டபோது, தேர் வருகிறது என்றுகூடச் சொன்னேன். மார்கழியில் ஏது தேர்! சொன்னால் நீ பயப்படுவாய், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாய் என்பதுதான் காரணம். ராஜாமணியும் அப்படித்தான் நினைத்தாள். "அக்கா, டாக்டரப் பாத்துட்டு வந்தர்லாங்ளா?" என்று பக்குவமாகக் கேட்டாள். நான் அவளையும் ஒரு நாள் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இப்போது அந்த நாள். நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஏன் போன் எடுக்கவில்லை என்று மட்டும்தான் கேட்டாய்.

சிறுவாணி ரோட்டிலிருந்து பிரிந்து மலையடிவாரத்தில் ஒரு ஊரோடு முடிகிற பஸ் அது. போகும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, மலை நிழல் ரோட்டில் விழுந்து சட்டென்று இருட்டிவிட்டது. பாக்குத்தோப்பு ஒன்றைத் தாண்டும்போது டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, இன்ஜினையும் லைட்டையும் அணைத்தார். திரும்பிப் பார்த்து விரலை வாயில் வைத்தார். ரோட்டுக்கு நடுவே யானை நின்றது. ஒன்று இல்லை, குட்டியோடு ஒரு கூட்டம். தோப்பு வேலியைச் சாய்த்துவிட்டு பாக்குக்கு நடுவே போட்டிருந்த வாழையை இழுத்து நின்ற இடத்திலேயே தின்றுகொண்டிருந்தன. மட்டை கிழிகிற சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது. தோட்ட வேலை முடிந்து திரும்பும் பெண்கள், காலேஜ் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர், நான். யாரும் மூச்சுவிடவில்லை. கண்டக்டர் கீழே குனிந்து வனத்துறைக்காரர்களுக்குக் கிசுகிசுப்பாகப் போன் செய்தார். வர நேரமாகும் என்றார்கள்.

எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது. உனக்குத் தெரியுமே, என்னால் உட்காரவே முடியாது. கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் முட்டியில் கையை வைத்து அமுக்கினாள். "அம்மணி, ஆடாதீங்க. அதுகளுக்குக் கேட்டுரும்" என்றாள். அந்த நேரத்தில்தான் எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர் பேச ஆரம்பித்தார். முதலில் முணுமுணுப்பு, அப்புறம் கொஞ்சம் சத்தமாக. "மோட்டார நிறுத்தோணும், நான் போய் மோட்டார நிறுத்தோணும்" என்று எழுந்து கதவுப் பக்கம் தள்ளாடினார். கண்டக்டர் அவரைப் பிடித்து இழுத்தார். "தண்ணி போட்டுட்டு வந்து உசுர வாங்கறீங்களே" என்று பின்னாலிருந்து யாரோ பல்லைக் கடித்தார்கள். பெரியவர் கையை உதறினார். சட்டைப் பட்டனைக் கழற்றவும் போடவும் தெரியாமல் விரல் தடுமாறியது.

கண்ணு, அந்த விரலை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் பார்த்த விரல். நான் எழுந்துபோய் அவர் கழுத்தில் கை வைத்தேன். அந்தக் குளிரில் தண்ணீர் ஊற்றியது போல் நனைந்திருந்தது, சில்லென்று இருந்தது. "குடிச்சிருக்கலீங்க. சர்க்கர எறங்கிப்போச்சுங்க" என்றேன் மெதுவாக. என் கைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. உன் அப்பாவுக்காக வைத்தது. அவரை எங்கே கூட்டிப்போனாலும் அது இருக்கும். அவர் போன பிறகும் நான் அதை எடுக்கவில்லை. பல தடவை கை பட்டிருக்கிறது, பட்டவுடன் பையை மூடிவிடுவேன். அதைப் பிரித்துப் பெரியவர் வாயில் வைத்து, "மென்னு தின்னுங்க, நல்லா மெல்லுங்க" என்றேன். ஒரு பிள்ளையிடம் ஜூஸ் பாட்டில் இருந்தது, முழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அவரைச் சீட்டில் சாய்த்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வெளியே யானைகள், உள்ளே இருட்டு, என் கையில் முகம் தெரியாத ஒருவருடைய நாடி. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் கால் தட்டவில்லை. அதை நான் அப்போது கவனிக்கக்கூட இல்லை, பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்ல அவர் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"பஸ்ல வந்தவளுங்க."

"ஊட்டுக்காரி காத்துட்டு இருப்பா. மத்தியானம் ஊசி போட்டுட்டு வெளிய சோறு திங்காம சுத்தாதீங்கன்னு சொன்னா. நாந்தான் கேக்குல." கொஞ்ச நேரம் வாயைச் சப்பினார். "என்னங்க மிட்டாயி இது, இப்பிடி இனிக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். இந்தத் தடவை அது சிரிப்பாகவே முடிந்தது.

ஜீப் வந்து, பட்டாசு வெடித்து, யானைகளைத் தோப்புக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்ட பிறகு பஸ் கிளம்பியது. பெரியவர் பெயர் ரங்கசாமி. இரண்டு ஸ்டாப் தள்ளி அவர் மனைவி டார்ச்சோடு நின்றிருந்தார். நடந்ததைக் கண்டக்டர் சொன்னதும், அந்த அம்மாள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவரைத் திட்டினார். என்னைப் பிடித்துக்கொண்டே அவரைத் திட்டினார். "இவிய ஒருத்தர நம்பித்தான் நான் உக்காந்திருக்கேன், தெரியுமுங்ளா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

அதற்குள் என் போன் செத்துவிட்டது. காலையில் சார்ஜ் போட மறந்தது என் தப்பு. நீ கூப்பிட்டு, ராஜாமணியைக் கூப்பிட்டு, அவள் கோயிலுக்கு ஓடி, நான் அங்கே மாசக்கணக்காக வரவே இல்லை என்று குருக்கள் சொல்லி, தெருவே வாசலில் நின்றது. நான் இறங்கி வந்தபோது ராஜாமணி அழுதுகொண்டே என்னை அடிக்க வந்தாள். மறுநாள் காலையில் முதல் விமானத்தில் நீ வந்துவிட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் என் தப்பு முழுசாகத் தெரிந்தது. அப்பாவைப் பறிகொடுத்து வருஷம் திரும்பாத பிள்ளை அந்த ராத்திரி அம்மாவைப் பற்றி என்னென்ன நினைத்திருக்கும்! அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொய்க்கும் கேட்கிறேன். பஸ்ஸுக்குக் கேட்க மாட்டேன்.

நீயோ கேட்கவே விடவில்லை. "வீட்டப் பூட்டிட்டு நாளைக்கே என் கூட வா. அங்க ஃப்ளாட்ல லிஃப்ட் இருக்கு, செக்யூரிட்டி இருக்கு, டிவி இருக்கு. உனக்கு இங்க என்ன இருக்கு?" என்றாய். நான் "பஸ் இருக்கு" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அதில்தான் உனக்கு அவ்வளவு கோபம்.

சரி, ஓடுகிறேனா? ஆரம்பத்தில் ஓடினேன். ஒத்துக்கொள்கிறேன். முதல் பஸ்ஸில் நான் போனது பல்லடம் பார்க்க இல்லை, இந்த வீட்டின் சத்தமில்லாமையிலிருந்து தப்பிக்கத்தான். உன் அப்பா படுத்திருந்த அறைக் கதவை நான் கார்த்திகை முழுக்கத் திறக்கவில்லை, உனக்குத் தெரியாது. கூட்டிப் பெருக்கக்கூட ஆள் வைத்தேன். ஆனால் நாளெல்லாம் வெளியே இருந்துவிட்டு வந்தால், இன்றைக்கு எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கும். சொல்லிப் பழகிய ஆள் அவர் ஒருவர்தானே. மார்கழியில் ஒரு நாள் கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அன்னூரில் பார்த்த ஒரு குதிரைக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வெறும் கட்டிலிடம். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அதிலிருந்து தினமும் அந்த அறையில் உட்கார்ந்துதான் ராத்திரி டிபன் சாப்பிடுகிறேன். வெளியே போகாமல் இருந்திருந்தால் அந்தக் கதவு மூடியேதான் இருந்திருக்கும்.

நான் குணமாகிவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கால் இன்னும் தட்டுகிறது. இதோ, இந்தப் பக்கத்தை எழுதும்போதே அடுப்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அது போகாது போலிருக்கிறது. போகாத ஒன்றை ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் அடைத்துவைத்துச் சண்டை போடுவதற்குப் பதில், காலையில் அதைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறேன், அவ்வளவுதான். உனக்கும் அதையே சொல்கிறேன். நீ சனி ஞாயிறில் சோபாவில் சாய்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை நான் அங்கே வந்திருந்தபோது பார்த்தேன். ஓய்வு எடுக்கிறவன் முகம் இல்லை அது. அடுத்த ஹாபிக்குக் கடைக்குப் போகாதே. காசு கேட்காத, உன்னை ஜெயிக்கச் சொல்லாத, கொஞ்ச நேரம் அடுத்தவர்கள் பிழைப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிற ஏதாவது ஒன்றைத் தேடு. அது பஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கிடைக்கிற வரை தப்பான வண்டியில் ஏறிக்கொண்டே இரு, இறங்க அவசரப்படாதே.

நேற்று நித்யா கூப்பிட்டாள். நீ சொல்லச் சொன்னாயா, அவளாகக் கூப்பிட்டாளா தெரியாது. "அத்தை, அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நீங்க வர மாட்டீங்கன்னு சொல்லிட்டீங்கன்னே புலம்பறாரு" என்றாள். வர மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லையே! வீட்டைப் பூட்டிவிட்டு மூட்டை மாதிரி வர மாட்டேன் என்றுதான் சொல்ல வந்தேன், நீ அதற்குள் ஷூவைத் தேடப் போய்விட்டாய்.

ஆகவே கேள். இனிமேல் எங்கே போனாலும் ஏறும்போதே உனக்கு மெசேஜ் போடுவேன். சார்ஜ் போட்டுக்கொண்டு போவேன். மலையடிவார பஸ்ஸில் மத்தியானத்துக்கு மேல் ஏற மாட்டேன். நாளைக்கு ராஜாமணி கூட வருகிறாள், அவளாகத்தான் கேட்டாள், ஒரு புதுப் புடவைகூட எடுத்து வைத்திருக்கிறாள். மாசி முடியும் வரை பனி இருக்கும், அது வரை நான் இங்கேதான். பங்குனியில் வெயில் ஏறியதும் ரயிலேறி வருகிறேன், கோடை முழுக்க உங்களோடு இருக்கிறேன். ஒன்று மட்டும். ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்காதே. உங்கள் ஃப்ளாட்டுக்கு எந்த நம்பர் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று மட்டும் விசாரித்துச் சொல். உனக்கு இது வரைக்கும் தெரிந்திருக்காது.

அம்மா